அணை மேலே, செடி கீழே: சீனத்துப் போயாங் ஏரியும் நம் சுண்டிக்குளமும்

கண்டாவளையான்
எல்லோருக்கும் வணக்கம். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது ஓர் இடத்தில் தடக்கி நின்றுவிட்டேன். அணைக்குக் கீழே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, யாங்சி ஆற்றோடு தொடுத்தபடி தொங்திங், போயாங் என்று இரண்டு பெரிய ஏரிகள் இருக்கின்றன. அணை வந்த பிறகு அந்த ஏரிகளின் கரைச் செடிகள் இடம் மாறிவிட்டனவாம். அழிந்துவிட்டன என்றால் விளங்கும். இடம் மாறுவதென்றால் எப்படி? செடிக்குக் காலா இருக்கிறது?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கனகராயன் ஆற்றைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் மறித்து, மிஞ்சுகிற தண்ணீர்தான் எங்கள் பக்கத்தால் சுண்டிக்குளம் என்ற கடலோர உவர்நீரேரிக்குப் போகிறது. முந்தி உமரி என்ற உப்புநிலச் செடி மட்டும் படர்ந்து கிடந்த நிலத்தில், கழிவு வாய்க்கால் வந்து விழுகிற வாயைச் சுற்றி இப்போது சம்பு என்ற நன்னீர்க் கோரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கும் குளத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, அல்லது நான்தான் சும்மா முடிச்சுப் போடுகிறேனா?

முரசுமோட்டைக் கமக்காரன்
தம்பி, 1902 இல் வேலை தொடங்கிய குளம் அது. உங்கள் அப்பா, தாத்தா எல்லோரும் அதில்தான் சோறு தின்றார்கள். அதைக் கொண்டுபோய்ச் சீனாக்காரனின் அணையோடு ஒரே வரிசையில் வைக்கிறீர்கள். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் அதை நம்பிக் கிடக்கிறது. கடலுக்குப் போகிற தண்ணீரை மறித்துத்தான் கிளிநொச்சி உண்டானது. உமரிக்காக வயலைக் காயவிடச் சொல்லப் போகிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

வான்கதவு
கமக்காரன் அண்ணை, கோபிக்காதையுங்கோ. தம்பி குளத்தை உடைக்கச் சொல்லவில்லையே.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இரணைமடு முட்ட நிறைந்தால் ஏறத்தாழ 15 கோடி கன மீட்டர். மூன்று பள்ளத்தாக்கு அணை 3,930 கோடி கன மீட்டர். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட இரணைமடுவை அதற்குள் ஊற்றலாம். அந்த வகையில் அண்ணை சொல்வது சரி, ஒரே வரிசை இல்லைத்தான். ஆனால் கீழே நிற்கிற செடிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. எந்த மாதம் தண்ணீரைப் பிடிக்கிறார்கள், எந்த மாதம் விடுகிறார்கள் என்பதுதான் அதற்கு உறைக்கும்.

அந்த அணையில் 2003 ஜூனில் 135 மீட்டர் மட்டத்துக்கு நீர் பிடித்தார்கள். 2010 ஒக்டோபரில்தான் முழு மட்டமான 175 மீட்டரைத் தொட்டது. அங்கே வெள்ளம் கோடையில் வரும். வருகிற வெள்ளத்தை வாங்க இடம் வேண்டும் என்று அந்த மாதங்களில் நீர்மட்டத்தை 145 இல் வைத்திருப்பார்கள். வெள்ளக்காலம் முடிகிற செப்டெம்பர், ஒக்டோபரில் 175 வரை ஏற்றுவார்கள். அந்த முப்பது மீட்டரை நிரப்புகிற வாரங்களில் கீழே போகிற ஆறு மெலிந்துவிடும். பிறகு குளிர்காலத்தில் மின்சாரத்துக்கும் கப்பல் ஓட்டத்துக்கும் திறப்பார்கள். அப்போது ஆறு பழைய வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

போயாங்கின் தண்ணீரில் பெரும்பகுதி யாங்சியிலிருந்து வருவதே இல்லை. கான் முதலிய ஐந்து ஆறுகள் அந்த ஏரிக்குள் விழுகின்றன. ஹுகோ என்ற ஒரே வாயால் ஏரி யாங்சிக்குள் வடிகிறது. யாங்சி உயர்ந்து ஓடினால் அந்த வாயை அடைத்துக்கொண்டு நிற்கும், ஏரி தேங்கும். யாங்சி இறங்கினால் ஏரி மளமளவென்று வடிந்துபோகும். கழிவு வாய்க்கால் முட்டி நின்றால் வயல் வடியாது, வாய்க்கால் இறங்கினால் ஒரே இரவில் வயல் காய்ந்துவிடும் என்பது அண்ணைக்குத் தெரியாததா? ஏரிக்குள் விழுகிற ஐந்து ஆற்றையும் யாரும் தொடாமலேயே, யாங்சியில் கட்டிய அணையால் ஏரி முந்தி வற்றுகிறது.

தொங்திங் வேறு மாதிரி. அதற்கு யாங்சியிலிருந்து பிரிந்து வருகிற கால்வாய்கள் வழியாகத் தண்ணீரும் வண்டலும் நேராகவே வரும். இரண்டும் குறைந்துவிட்டன.

செடிப்பித்து
வான்கதவு ஐயா தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் செடியைச் சொல்கிறேன். தாவரவியல் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போயாங் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழப் பத்து மீட்டர் ஏறி இறங்குகிற ஏரி. கோடையில் மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் மாதிரிக் கிடக்கும். குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் கீழே சுருங்கி, ஓடைகளும் சிறு குட்டைகளும் சேற்று வெளியுமாகிவிடும். கரை மிகவும் தட்டையானது. நீர் அரை மீட்டர் இறங்கினால் நிலம் எவ்வளவோ தூரத்துக்கு வெளியே வந்துவிடும்.

அந்தச் சரிவில் செடிகள் பட்டை பட்டையாக நிற்கின்றன. மேலே நாணலும் ட்ரையரீனா என்ற உயர்ந்த புல்லும். தொங்திங்கில் இவற்றை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுத்து வந்தார்கள். அதற்குக் கீழே கேரெக்ஸ் என்ற கோரை இனம், முழங்கால் உயரம், நெருக்கமான பச்சை. அதற்கும் கீழே வெறும் சேறு. கடைசியில் தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற வலிஸ்னேரியா மாதிரியான நீர்த்தாவரங்கள். எந்தச் செடி எந்தப் பட்டையில் நிற்கும் என்பதை, அந்த இடம் வருடத்தில் எத்தனை நாள் மூழ்கிக் கிடக்கிறது, எந்த மாதத்தில் வெளியே வருகிறது என்ற இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கும்.

கேரெக்ஸின் வாழ்க்கை சுவாரசியமானது. வருடத்துக்கு இரண்டு தடவை வளரும். வெள்ளத்துக்கு முன் இளவேனிலில் ஒரு தடவை, வெள்ளம் வடிந்த பின் இலையுதிர் காலத்தில் இன்னொரு தடவை. இடையில் மூழ்கும்போது இலை அழுகிப் போகும், மண்ணுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடு கிடக்கும். ஏரி வழமையைவிட முந்தி வடிந்தால் வெயிலும் சூடும் இருக்கிறபோதே நிலம் வெளியே வருகிறது. இரண்டாவது வளர்ச்சிக்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. முந்தி வெறும் சேறாக இருந்த கீழ்ச் சரிவிலும் கேரெக்ஸ் பிடித்துவிடுகிறது. மேலே காய்ந்த பக்கத்தில் நாணல் இறங்கி அதன் பழைய இடத்தை எடுத்துக்கொள்கிறது.

கண்டாவளையான் தம்பி கேட்ட கால் இதுதான். மேல் விளிம்பில் தோற்று, கீழ் விளிம்பில் வென்று, முழுப் பட்டையும் சில வருடங்களில் சரிவில் இறங்கிவிடும். செய்மதிப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பச்சை கீழே இறங்குவது தெரியும். அடியில் இருக்கிற நீர்த்தாவரத்துக்கோ இறங்க இடமில்லை.

இதனால்தான் "ஏரியில் பச்சை கூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் சந்தோஷப்படுவதில்லை.

பட்டிக்காரன் மகன்
ரீச்சர் சொல்வதை நாங்கள் குளத்துக்குள்ளே ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்க, பின்னாலேயே பச்சைப் புல் இறங்கும், பட்டியும் அதன் பின்னால் இறங்கும். கடைசியாக வெளியே வந்த நிலத்தில்தான் பிஞ்சுப் புல் இருக்கும். மேலே முற்றிப்போனதை மாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குளத்தைச் சட்டென்று இறக்கிவிட்டால் எல்லாம் ஒன்றாக முளைத்து ஒன்றாக முற்றிவிடும், ஆவணியில் மாட்டுக்கு ஒன்றும் இராது.

சம்பு வந்த இடத்தில் மாட்டை விடவே முடியாது. முற்றின சம்பை எருமைகூடத் தொடாது.

செடிப்பித்து
பட்டிக்காரன் மகன், நீங்கள் சொன்னது அப்படியே கிழக்குத் தொங்திங்கில் ஒரு வாத்துக்கு நடக்கிறது. சிறு வெண்நெற்றி வாத்து என்று ஒன்று, வடக்கே ஆர்க்டிக் பக்கத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும். சின்ன அலகு, கட்டையான பிஞ்சுக் கேரெக்ஸைத்தான் கொத்தித் தின்னும். ஏரி முந்தி வடிந்தால் கேரெக்ஸும் முந்தி முளைத்து, வாத்து வந்து இறங்குகிறபோது உயரமாகி நார்ப்பிடித்துவிடுகிறது. கண் நிறையப் பச்சை இருக்கும், தின்ன ஒன்றும் இராது. உங்கள் ஆவணி மாடுதான்.

கண்டாவளையான்
போயாங்கில் கொக்கு ஒன்று பட்டினி கிடந்ததாகவும் எங்கேயோ வாசித்தேன். அதுவும் இதே காரணமா?

செடிப்பித்து
சைபீரியக் கொக்கு. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே குளிர்காலத்தில் போயாங்குக்குத்தான் வருகின்றன. அதன் முக்கிய உணவு வலிஸ்னேரியாவின் கிழங்கு. ரிப்பன் மாதிரி நீண்ட இலையோடு நீருக்கடியில் வளர்கிற செடி, மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கோடையில் வளர்ந்து, குளிர் தொடங்கும்போது சேற்றுக்குள் கச்சான் பருப்பளவில் கிழங்கு வைத்துவிட்டு இலை மடிந்துபோகும். கொக்கு ஆழமில்லாத தண்ணீரில் நின்று அதைக் கிண்டி எடுக்கும்.

இதில் எல்லாமே நேரக்கணக்கு. கோடையில் தண்ணீர் மிக ஆழமாகவோ கலங்கலாகவோ இருந்தால் அடிக்கு வெளிச்சம் போகாது, கிழங்கு வைக்காது. 2010 கோடை வெள்ளத்துக்குப் பிறகு அப்படித்தான் கிழங்கு இல்லாமல் போய், கொக்குகள் மேட்டுப் புல்வெளிக்கு ஏறி வேறு செடிகளின் கிழங்கைக் கிண்டின. மறுபுறம், தண்ணீர் முந்தியே வடிந்துவிட்டால் சேறு இறுகி அலகு இறங்காது. பிந்திய வருடங்களில் கொக்குகள் ஏரியை விட்டு, பக்கத்தில் தாமரைக்கிழங்கு பயிரிடும் வயல்களுக்கும் நெல் வெட்டிய வயல்களுக்கும் போகப் பழகிவிட்டன.

2010 வெள்ளத்தைக் கவனியுங்கள். அது அணை செய்த வேலை இல்லை. செடி இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

வான்கதவு
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எல்லாவற்றையும் அணையின் தலையில் கட்டிவிடக் கூடாது. 2000 க்குப் பிறகு யாங்சியில் மணல் அள்ளத் தடை வந்ததும் மணல்காரர்கள் போயாங்குக்குள் நுழைந்தார்கள். ஏரியின் வடக்கு வாய் ஆழமாகி, வடிகால் அகன்றுவிட்டது. ஏரி முந்தி வற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2022 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே போயாங் வறட்சி மட்டத்துக்கு இறங்கியதே, 1951 இல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு முந்தி இறங்கியதில்லை. அந்த வருடம் யாங்சிப் படுகை முழுவதும் மழை பொய்த்தது.

ஆனால் அணை செய்கிற இன்னொரு வேலை வெளியே தெரியாமல் நடக்கிறது. வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முந்தி அணை இருக்கிற இடத்தைத் தாண்டி வருடத்துக்கு ஏறத்தாழ 50 கோடி தொன் வண்டல் போனது. இப்போது அதில் பத்திலொன்றுகூட இல்லை. தெளிந்த தண்ணீர் பசியோடு ஓடும், ஆற்றின் அடியை அரிக்கும். அடி இறங்கினால் அதே அளவு தண்ணீர் ஓடினாலும் ஆற்றின் மட்டம் தாழ்வாக இருக்கும், ஏரி இன்னும் இலகுவாக வடியும். கதவு திறக்கிற நாட்களை மாற்றலாம். ஆற்றின் அடியிலிருந்து அரித்துப் போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய பாதிப்பு, ஆனால் யாரும் இதைப் படம் எடுத்துப் போடுவதில்லை.

முரசுமோட்டைக் கமக்காரன்
எல்லாம் வாசித்தேன். சீனக் கொக்கு பாவம்தான். நம் கதைக்கு வாருங்கள். அங்கே ஏரி வற்றுகிறது. இங்கே சம்பு முளைக்கிறது. சம்பு முளைக்கிறதென்றால் உப்பு இறங்கி நன்னீர் வந்துவிட்டதென்றுதானே பொருள்? 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவு நீரேரியை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஆறு கொண்டுபோகத் திட்டம் போட்டாரே, அது முழுமைப்படவில்லை என்று இன்றைக்கும் எல்லோரும் கவலைப்படுகிறோம். பிறகு நன்னீர் வந்தால் ஏன் ஒப்பாரி?

செடிப்பித்து
அண்ணை, நல்ல கேள்வி. ஒப்பாரி வைக்க மாட்டேன், மூன்று இடத்தைக் காட்டுகிறேன்.

நைஜீரியாவின் வடகிழக்கே ஹடேஜியா - நுகுரு என்று ஒரு சதுப்பு வெளி. வருடத்தில் சில மாதம் வெள்ளம், மிச்சம் வறட்சி, நம் வன்னி மாதிரி. மேலே 1974 இல் திகா அணை, பிறகு சல்லாவா அணை. வயலுக்கு வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார்கள். வெள்ளம் சிறுத்தது, வறட்சியும் போனது. அந்த இடைவெளியில் சம்பு ஏறியது. வறட்சியில் காய்ந்து, வெள்ளத்தில் மூழ்கி அடங்கிக் கிடந்த செடி, இரண்டும் இல்லாமல் போனதும் வாய்க்காலை அடைத்தது, வயலுக்குள் போனது, மீன்பிடியையும் கெடுத்தது. தண்ணீர் குறைந்ததால் மட்டும் கெடுதல் வருவதில்லை. தண்ணீர் சீராக ஓடினாலும் வரும்.

இரண்டாவது, செனகல் ஆறு. கடலுப்பு ஏறாமல் தடுக்க ஆற்றுவாய்க்குக் கிட்ட 1986 இல் தியாமா அணை கட்டினார்கள். மேற்பக்கம் முழுக்க நன்னீர் ஆனது, அண்ணை கேட்கிற மாதிரியே. சம்பு படையெடுத்தது. அணையின் கீழ்ப்பக்கம் மொரித்தேனியாக் கரையில் எதிர்மாறாக, வெள்ளம் வராமல் உப்பு பூத்து நிலம் செத்தது. அங்கே பெண்கள் பாய் இழைக்கிற ஒரு புல் உண்டு, ஸ்போரோபோலஸ் என்று பெயர். அதுவும் போய்விட்டது. 1991 இல் அந்த இடத்தைத் தியாவ்லிங் தேசிய பூங்காவாக்கி, 1994 முதல் கதவு வழியாக மழைக்காலத்தில் வேண்டுமென்றே வெள்ளம் விட்டார்கள், வற்றுகிற காலத்தில் வற்றவும் விட்டார்கள். பாய்ப்புல் திரும்பி வந்தது. கருவேலங் கன்றுகளும் வந்தன. எவ்வளவு விட்டார்கள் என்பதோடு எந்த மாதத்தில் விட்டார்கள் என்பதும் அங்கே வேலை செய்தது.

மூன்றாவது நம் நாட்டிலேயே, தெற்கே பூந்தலை. லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் 1980களில் வந்த பிறகு வயல்களின் கழிவுநீர் எம்பிலிகல, மாலல என்ற இரண்டு நீரேரிகளுக்குள் வந்து விழுந்தது. உப்பு குறைந்தது, நன்னீர்ச் செடிகள் ஏறின, இறால் குறைந்தது. உரம் கலந்த கழிவுநீரில் சம்பு எப்படிக் கொழுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆறுமுகம் திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்குத் தனி இழை போடலாம், இங்கே வேண்டாம். ஆனால் சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்கா. அங்கே வருகிற பூநாரைக்குச் சம்புக் காடு உதவாது. அதற்குத் திறந்த, ஆழமில்லாத உவர்நீர் வேண்டும்.

தருமபுரத்தான்
இடையில் ஒரு கேள்வி. சம்பை வெட்டி எறிந்தால் போகாதா? பாதீனியத்துக்குச் சிரமதானம் செய்கிற மாதிரி?

செடிப்பித்து
கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை திரும்ப வரும். தண்ணீருக்குக் கீழே வைத்து வெட்டி, வெட்டிய அடியை மூழ்கவிட்டால் பலன் உண்டு, வேருக்குக் காற்றுப் போகாது. உப்பு ஏறினாலும் நலியும். வெறும் நிலத்தில் வெட்டினால் இன்னும் செழித்து வரும்.

வான்கதவு
சரி, கண்டாவளைக்கு வருவோம். இரணைமடு இல்லாத காலத்தில் கனகராயன் ஆறு எப்படி ஓடியிருக்கும்? ஐப்பசி மழையோடு கலங்கலாக எழும்பி, கார்த்திகை, மார்கழியில் நீரேரியை நிரப்பி, மாசி பங்குனியோடு ஒடுங்கியிருக்கும். பிறகு ஆவணி வரை நீரேரி வெயிலில் வற்றி உப்புக் கூடும். உமரி விதை முதல் மழையில் உப்புக் கரைகிறபோது முளைத்து, வெயில் காலத்து உப்பைத் தாங்கிச் சிவந்து நிற்கும். அந்த உப்புதான் சம்பைக் கிட்ட விடாமல் காத்த வேலி.

இப்போது ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீரைக் குளம் பிடிக்கிறது. குளம் முட்டிய பிறகுதான் வான் பாயும். மழை குறைந்த வருடம் வான் பாயாமலே போகும். கூடின வருடம் 2018 மார்கழி மாதிரி எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டி வரும், கிளிநொச்சி பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம் சிறுபோகம். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில், நீரேரி வற்றி உப்பேற வேண்டிய அதே மாதங்களில், வயல் கழிவுநீர் விடாமல் கசிந்து போய் வாயில் விழுகிறது. சம்பு நிற்பது அந்த வாயில்தான் என்று தம்பியே எழுதியிருக்கிறார். ஆகவே தம்பி போட்ட முடிச்சு வெறும் முடிச்சாக எனக்குப் படவில்லை. யாங்சியில் நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்றல்ல, ஆனால் இரண்டிலும் தண்ணீரின் நாட்காட்டியைத்தான் மாற்றியிருக்கிறோம்.

சீனாக்காரர்களும் நாட்காட்டியில் கை வைத்துப் பார்த்தார்கள். நிரப்பத் தொடங்கும் நாளை ஒக்டோபரிலிருந்து செப்டெம்பருக்கு முன்தள்ளி, ஆறு ஒரேயடியாக மெலியாமல் பார்த்தார்கள். 2011 முதல் மீன் முட்டையிடும் காலத்தில் அதற்கென்றே தண்ணீர் விடுகிறார்கள். போயாங் வாயில் கதவு போட வேண்டும் என்று ஜியாங்சி மாகாணம் நெடுங்காலமாகக் கேட்கிறது. கதவு போட்டால் ஏற்ற இறக்கமே செத்துவிடும் என்று பறவைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். எனக்கும் அந்தக் கதவில் நம்பிக்கை இல்லை.

பட்டிக்காரன் மகன்
உமரி சிவக்கிற காலத்தில் அம்மா பிடுங்கிக்கொண்டு வந்து சுண்டுவா. உப்புப் போடத் தேவையில்லை. இப்போது அதற்குத் தூரம் போக வேண்டியிருக்கிறது.

கண்டாவளையான்
எல்லோருக்கும் நன்றி. நான் ஒன்று செய்யப் பார்க்கிறேன். கழிவு வாய்க்கால் வாயிலிருந்து நீரேரிப் பக்கமாக நேராக ஒரு கோடு பிடித்து, இடைக்கிடை தடி நட்டு, எந்தத் தடி வரை சம்பு, எதிலிருந்து உமரி என்று மாதாமாதம் எழுதி வைக்கலாமா? பூங்கா எல்லைக்குள் போகாமல் எங்கள் பக்கத்தில் மட்டும்.

செடிப்பித்து
தாராளமாக. தடியோடு தண்ணீரின் உப்பையும் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் சொல்ல முடியாது. பாடசாலையில் சின்ன உப்பளவி ஒன்று இருக்கிறது, தருகிறேன். எந்த நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, எந்த நாளில் நின்றது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். சம்பு இல்லாத, கழிவுநீர் விழாத இன்னோர் இடத்திலும் அதே மாதிரி ஒரு கோடு போடுங்கள். அது இல்லாமல் ஒப்பிட வழியில்லை.

முரசுமோட்டைக் கமக்காரன்
கழிவுநீர் என்று நீங்கள் சொல்வது காசு, தம்பிமாரே. குளத்தில் அளந்து திறந்த தண்ணீர், வரம்பு உடைந்தும் வாய்க்கால் தூர்ந்தும் வீணாகக் கீழே போகிறது. கடைசி வாய்க்கால்காரனுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஒவ்வொரு சிறுபோகமும் சண்டை. அந்தத் தண்ணீரை மறித்துத் திரும்ப வயலுக்கு ஏற்றினால் உங்கள் சம்பும் சாகும், எங்கள் கடைசி வயலும் நனையும். இதற்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் கார்த்திகையில் குளம் முட்ட முதல் நீரேரிக்கென்று கதவைத் திறக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன். மார்கழி மழை பொய்த்தால் யார் பொறுப்பு?

வான்கதவு
இரண்டாவதை நானும் இப்போது கேட்கவில்லை, அண்ணை. மழை முன்னறிவிப்புப் பலமாக இருக்கிற வருடத்தில், முட்டின பிறகு ஒரேயடியாகத் திறப்பதை விட்டு முந்தியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம் என்பது வேறு கதை. அது வெள்ளத்துக்கும் நல்லது, நீரேரிக்கும் நல்லது. முதலாவதை, அதாவது கழிவுநீரை மறித்து ஏற்றுவதை, வருகிற சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பு வழியாக நீங்களே கேளுங்கள். நான் கேட்டால் ஓய்வுபெற்ற மனுசனின் புலம்பல் என்பார்கள். எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர் என்று எழுதி அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

முரசுமோட்டைக் கமக்காரன்
அனுப்புகிறேன். அந்தப் பெடியனை வாயில் நடுகிற முதல் தடியை என் வயல் வரம்பில் நடாமல் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லுங்கள், உழவு மெசின் ஏறிவிடும்.